மினி கசெற்றும் பழைய கொம்பியூட்டரின் வெள்ளை ஸ்லொட்டும்

மல்லாவியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படம், சாமத்திய வீடு, கலியாணம், பாடசாலை விளையாட்டுப் போட்டி என்றுதான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. சில காலமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: பழைய வீடியோ கசெற்றுகளைக் கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுப்பது. 2002 இல் சமாதானம் வந்து ஏ9 பாதை திறந்தபோது வெளிநாட்டுச் சொந்தங்கள் கையில் கமெராவோடு வந்தார்கள். அதிலிருந்து கடைசி இடப்பெயர்வு வரைக்கும் வன்னியில் நடந்த எத்தனையோ கலியாணங்கள், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதான அந்த மினி கசெற்றில்தான் பதிவாகியிருக்கின்றன. வீடும் அல்பமும் போய்விட்டன, உடுப்புப் பைக்குள் கிடந்த கசெற் மட்டும் செட்டிகுளம் முகாம்வரை போய்த் திரும்பியிருக்கிறது என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கனடாவில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் கேட்கிறாள் என்று வருகிறவர்கள் அதைவிட அதிகம்.

கசெற்றை ஓட்டிக் காட்டக் கமெரா ஒன்றை 24,000 ரூபாய்க்கு வாங்கியாயிற்று. அது நல்ல கமெரா, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கமெராவில் ஓடுவதைக் கொம்பியூட்டருக்குள் எப்படி இறக்குவது என்பதில்தான் ஆட்டம் கண்டேன். அந்த ஆட்டத்தில் போன காசு ஏறக்குறைய முப்பதாயிரம். யாராவது ஒருவர் முதலே சொல்லியிருந்தால் அதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்துக் கமெராக்களில் யுஎஸ்பி துளை இருக்கும். அதைப் பார்த்தவுடன் நமக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் அது மெமரி கார்டில் எடுத்த படங்களை இறக்குவதற்கு மட்டும்தான். கசெற்றில் உள்ள வீடியோ வெளியே வருவது ஃபயர்வயர் என்ற வேறொரு துளையால். சில கமெராக்களில் அதன் பக்கத்தில் ஐலிங்க் என்று எழுதியிருக்கும், 1394 என்ற இலக்கமும் அதையே குறிக்கும். என் லப்டொப்பில் அந்தத் துளை இல்லை. இப்போது கடையில் விற்கும் எந்த லப்டொப்பிலும் இல்லை.

ஒன்லைனில் தேடினால் உடனே ஒரு வயர் வந்து நிற்கிறது: ஒரு முனை யுஎஸ்பி, மறு முனை ஃபயர்வயர். விற்றவரை அழைத்துக் கேட்டேன். “உது எல்லாக் கமெராவுக்கும் வேலை செய்யும் அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்றார். விலை 3,200 ரூபாய். வந்தது, செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழைத்தால், “உங்கட கமெராதான் பழுது போல” என்று பதில். கமெராவைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே திருத்துகிறவர் கமெராவைப் பார்த்துவிட்டு அந்த வயரின் முனையை வெட்டிக் காட்டினார். உள்ளே வெறும் செப்புக் கம்பிகள், ஒரு சிப்கூட இல்லை. யுஎஸ்பியும் ஃபயர்வயரும் தரவு அனுப்பும் முறையே வேறு, இடையில் மொழிமாற்ற ஒன்றும் இல்லாமல் கம்பியை மட்டும் இணைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. அன்று எனக்கு வந்த கோபம் பஸ்ஸில் மாங்குளம் தாண்டியும் அடங்கவில்லை. இந்த வயரை யாரும் வாங்காதீர்கள். எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களால் படத்தை எடுக்கும் கப்சர் குச்சி ஒன்றும் இருக்கிறது. 4,500 கொடுத்து அதையும் வாங்கினேன். அது வேலை செய்யும், பொய் இல்லை. ஆனால் கசெற்றில் டிஜிட்டலாக இருக்கும் படத்தை அனலொக்காக்கி, திரும்ப டிஜிட்டலாக்குகிறது. தாலி கட்டும் இடத்தில் பெண்ணின் சேலைக் கரை சிவப்பாகக் கசிந்து நிற்கும். பெரிய வீஎச்எஸ் கசெற்றுக்கு அந்தக் குச்சிதான் வழி, அதற்கு இன்றும் வைத்திருக்கிறேன். மினி கசெற்றுக்கு அது வீண்.

வவுனியாவில் வயரை வெட்டிக் காட்டியவர்தான் வழியும் சொன்னார்: “இதுக்குப் பழைய பெட்டிதான் வேணும் தம்பி. வெள்ளை ஸ்லொட் உள்ளதாப் பாருங்கோ.” என் வீட்டுப் பின்னறையில் அப்படி ஒன்று கிடந்தது. மீள்குடியேறி வந்த புதிதில் வாங்கிய பென்டியம் 4 கொம்பியூட்டர். மூடியைக் கழற்றினால் எறும்புக் கூடு ஒன்று, பல்லி முட்டை இரண்டு, கீழே மூன்று வெள்ளை ஸ்லொட்டுகள், அவற்றுக்கு மேலே மண்ணிறத்தில் ஒன்று.

ஸ்லொட் என்பது கொம்பியூட்டருக்குள் இருக்கும் பெரிய போர்டில் (மதர்போர்டில்) ஃபயர்வயர் கார்ட் போன்றவற்றைச் செருகும் நீளத் துளை. இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் தேவை, ஏனென்றால் கடையில் கேட்கும்போது பெயர் தெரியாமல் நின்றால் கையில் கிடைத்ததைத் தந்துவிடுவார்கள். மிகப் பழைய போர்டுகளில் நீளமான கறுப்பு ஸ்லொட் இருக்கும், அது ஐஎஸ்ஏ. 1981 இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் காலத்தது, 1984 இல் கொஞ்சம் நீண்டது. அது உள்ள பெட்டி இப்போது எங்கள் பக்கம் கிடைப்பதே அரிது. வெள்ளையாகக் குட்டையாக இருப்பது பிசிஐ, இன்டெல் 1992 இல் கொண்டுவந்தது. மண்ணிறத்தில், பின்பக்கச் சுவரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருப்பது ஏஜிபி, 1997 அளவில் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்றே வந்தது. 2004 இலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்து ஏஜிபியை முதலில் ஒழித்தது, பிசிஐ மட்டும் இன்னும் பல வருடம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சில கொம்பனிகள் மஞ்சளிலும் நீலத்திலும் போட்டிருக்கின்றன. வடிவத்தைப் பாருங்கள்.

பிசிஐயின் வேகம் வினாடிக்கு 133 மெகாபைட். அதையும் எல்லா வெள்ளை ஸ்லொட்டும் சேர்ந்தே பங்குபோட வேண்டும். இன்றைய கணக்கில் அது நத்தை. ஆனால் மினி கசெற்றிலிருந்து வருவது வினாடிக்கு 3.6 மெகாபைட் அளவுதான். எனக்கு வெளிச்சம் வந்தது இந்தக் கணக்கில்தான். பழைய ஸ்லொட்டுக்கு வேலை தேடுவதென்றால் அந்தக் காலத்து வேகத்தில் ஓடும் பொருளையே தேட வேண்டும். கசெற் கமெரா, டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர், சீரியல் போர்ட் உள்ள பழைய கருவி, இப்படி. பிசிஐக்கென்று யுஎஸ்பி 3 கார்டுகூட விற்கிறார்கள், அதைப் போட்டாலும் 133ஐத் தாண்டாது. பெட்டியில் அச்சடித்த வேகத்துக்குக் காசு கொடுப்பதுதான் மிச்சம்.

ஃபயர்வயர் பிசிஐ கார்ட் ஒன்று யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. கார்டின் தகடு முழு உயரமா அரை உயரமா என்று பாருங்கள், ஒல்லியான பெட்டிக்குள் முழு உயரம் நுழையாது. சிப்பின் மேல் வியா அல்லது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, விண்டோஸ் எக்ஸ்பி தானாகவே அடையாளம் காணும், சிடி வேண்டாம். கமெராப் பக்கம் நான்கு பின், கார்ட் பக்கம் ஆறு பின், ஆகவே நான்கிலிருந்து ஆறுக்குப் போகும் வயரைக் கேளுங்கள். ஆறு பின் பக்கத்தில் மின்சாரமும் வரும். அதைத் தலைகீழாக அமுக்கிச் செருகினால் அந்தப் பக்கம் எரிந்துபோகலாம், பழைய துளைகள் தளர்ந்திருப்பதால் தலைகீழாகவும் நுழைந்துவிடும். கொம்பியூட்டரை நிறுத்திவிட்டுச் செருகுங்கள். கார்டின் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துவிட்டுப் போட்டால் பாதிப் பிரச்சினை தொடங்காமலே முடிந்துவிடும். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஏர்த் சரியில்லை, ஆகவே பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம் கார்டைத் தொடுங்கள்.

ஏஜிபிக்கு அடுத்த முதல் வெள்ளை ஸ்லொட்டில் போட வேண்டாம். பல போர்டுகளில் அது கிராஃபிக்ஸ் கார்டோடு ஒரே இன்டரப்டை, அதாவது கார்ட் கொம்பியூட்டரின் கவனத்தைக் கேட்கும் சைகை வழியை, பங்குபோடும். அங்கே இருந்தபோது என் பெட்டி படம் இறக்கும்போதே நின்று நின்று போனது. அடுத்ததுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. ஒரு பைசாச் செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

முதலில் முழுதாக இறங்கியது ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஓர் அக்காவின் கசெற். ஒரு மணி நேரக் கசெற் இறங்க ஒரு மணி நேரமே எடுக்கும், விரைவாக ஓட்ட வழியில்லை. ஆகவே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மணவறை முடிந்து பந்தி வந்தது. பெஞ்சுகளுக்கு இடையில் சாம்பார் வாளியோடு ஒருவர் போனார். “நிப்பாட்டுங்கோ தம்பி” என்றார் அக்கா. அவருடைய அப்பா. அவருக்கு வேண்டியிருந்தது கலியாணமே இல்லை, அந்தப் பந்திதான். அதற்குப் பிறகு இந்த வேலையைக் காசுக் கணக்கு மட்டும் பார்த்து விடமுடியவில்லை.

இறங்கியாயிற்று என்றால் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மணி நேரக் கசெற் 13 கிகாபைட் வரும். பழைய ஹார்ட் டிஸ்க் ஃபட் 32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது, இருபது நிமிடத்துக்குள் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்தது, என் பெட்டியில் இருந்த யுஎஸ்பி பழைய 1.1. அதில் வினாடிக்கு ஒரு மெகாபைட் போனாலே பெரிய காரியம், 13 கிகாபைட்டைப் பென் ட்ரைவுக்கு ஏற்ற மூன்றரை மணி நேரத்துக்கு மேல். இன்னொரு வெள்ளை ஸ்லொட்டுக்கு வேலை வந்தது அப்போதுதான். பிசிஐ யுஎஸ்பி 2 கார்ட் ஒன்று போட்டேன், எட்டுப் பத்து நிமிடத்தில் முடிகிறது. மிஞ்சியதில் நெட்வேர்க் கார்ட். இந்தப் பெட்டியை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள், எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலிலேயே பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. நான் பக்கத்துக் கொம்பியூட்டரோடு மட்டும் ஒரு வயரால் இணைத்திருந்தேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது மதர்போர்ட் போய்விட்டது. அதில் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, ஒன்று கசிந்திருந்தது. 2000களின் தொடக்கப் போர்டுகளில் இது பரவலான நோய், ஆகவே பழைய பெட்டி வாங்கப் போகும்போது ரோச் லைட்டோடு போய் முதலில் அவற்றின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. மாற்றிக் கட்ட 2,500 கொடுத்தேன், ஆனால் கன காலம் தாங்கவில்லை.

இனி நான் சொல்லப் போவது எல்லாவற்றிலும் அதிகம் வலித்தது. பிசிஐ ஸ்லொட் உள்ளதும் கொஞ்சம் புதிதுமான ஒரு பெட்டி வேண்டும் என்று கடையில் கேட்டேன். எச் 61 சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் முக்கியச் சிப்) உள்ள போர்டோடு 17,000 ரூபாய்க்குத் தந்தார்கள். வெள்ளை ஸ்லொட் கண்ணுக்குத் தெரிகிறது, கார்ட் சரியாகப் பொருந்துகிறது, விண்டோசும் கார்டைக் காண்கிறது. படம் மட்டும் துண்டு துண்டாக இறங்கியது. ஐயர் மந்திரம் பாதியில் விழுங்கிப் போனது. கமெராவைச் சந்தேகித்து, வயரைச் சந்தேகித்து, கசெற்றைச் சந்தேகித்து, நித்திரை கெட்டு இருந்தபின்தான் காரணம் பிடிபட்டது. 2011 இல் வந்த இன்டெல் 6 வரிசையிலிருந்து சாதாரணச் சிப்செட்டுகளில் பிசிஐ கிடையாது. மதர்போர்ட் செய்கிறவர்கள் எக்ஸ்பிரஸ் வழியைப் பிசிஐயாக மாற்றும் ஒரு பாலச் சிப்பை வைத்து, பழையபடி ஒரு ஸ்லொட்டைப் பொருத்திவிடுகிறார்கள். எல்லாப் பாலமும் மோசமில்லை. ஆனால் சில சிப்புகள் இன்டரப்டைத் தவறவிடும், அது படம் இறக்கும் வேலைக்கு ஒத்துவராது. கடையில் திருப்பி எடுக்கவில்லை, “ஸ்லொட் கேட்டியள், ஸ்லொட் தந்தம்” என்றார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பெட்டி இப்போது பிள்ளைகளின் பாட வேலைக்கு ஓடுகிறது.

ஆகவே ஸ்லொட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். சிப்செட்டைக் கேளுங்கள். பி 75, கியூ 75, கியூ 77 என்றால் பிசிஐ சிப்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் விண்டோசின் டிவைஸ் மனேஜரில் இணைப்பு வரிசைப்படி பாருங்கள். உங்கள் கார்ட் இன்டெல் 82801 பிசிஐ பிரிட்ஜ் என்பதன் கீழே இருந்தால் நல்லது, வேறு பெயருள்ள பிரிட்ஜ் என்றால் வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். கொழும்பு அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010இன் உயரமான பெட்டியில் ஒரு பிசிஐ ஸ்லொட் இருக்கிறது, சிப்செட் கியூ 77. ஒல்லிப் பெட்டியில் அது இல்லை, பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாற வாய்ப்புண்டு. இப்போது நான் வைத்திருப்பது அந்த உயரப் பெட்டிதான். விண்டோஸ் 10 போட்டால் மைக்ரோசொஃப்ட் தரும் 1394 லெகசி ட்ரைவரைத் தனியாக நிறுவ வேண்டும், லினக்ஸ் என்றால் டிவிகிராப் என்ற சின்ன நிரல் போதும்.

ஃபயர்வயர் கார்ட் எக்ஸ் 1 என்ற சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவிலும் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள், எக்ஸ் 1 கார்ட் நீளமான எக்ஸ் 16 ஸ்லொட்டிலும் உட்காரும். நான் விசாரித்தபோது வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும் செலவோடு பதினொராயிரம் சொன்னார்கள். பழைய பிசிஐ கார்ட் 1,500. அவ்வளவுதான் காரணம்.

இதைப் பார்த்துவிட்டு மாங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணை வந்தார். அவருடைய பில் அடிக்கும் மென்பொருள் விண்டோசுக்கு முந்திய டொஸ் காலத்தது, பிரிண்டர் டொட் மெட்ரிக்ஸ். புதிய பெட்டியில் அந்தப் பிரிண்டரைச் செருகும் பரலல் போர்ட் என்ற துளை இல்லை. இதில் இரண்டு வகை உண்டு. மென்பொருள் அந்தத் துளையை எல்பிடி 1 என்று பெயர் சொல்லி அச்சடித்தால், யுஎஸ்பி வயரில் பிரிண்டரை இணைத்து, அதை ஷெயார் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி 1 ஐ அங்கே திருப்பிவிடலாம். ஸ்லொட்டே தேவையில்லை. ஆனால் மென்பொருள் அந்தத் துளையின் பழைய முகவரியான 378க்கு நேரே எழுதினால் அது நடக்காது. பிசிஐ பரலல் கார்ட் போட்டாலும் அதற்குக் கிடைக்கும் முகவரி பெரும்பாலும் 378 ஆக இருக்காது. நல்ல காலம், அண்ணையுடையது முதல் வகை. கார்ட் வாங்க 3,000 கொண்டுவந்தவர் அதைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஏஜிபி ஸ்லொட்டுக்கு நான் வேலை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்ட் தவிர வேறெதுவும் அதில் ஓடாது. அதிலும் 3.3 வோல்ட், 1.5 வோல்ட் என்று இரண்டு இனம், வெட்டு எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் அமுக்கினால் போர்டும் போய்விடும். இருப்பதை அப்படியே விடுங்கள்.

கசெற் பக்கத்திலும் சில உண்டு. வீடியோ பதியும் முறை நாட்டுக்கு நாடு வேறு: லண்டன், சுவிஸிலிருந்து வந்த கமெராவில் எடுத்தவை பால் (PAL) முறை, கனடாவிலிருந்து வந்தவை என்டிஎஸ்சி (NTSC). என் கமெரா பால் மட்டும்தான் ஓட்டும். எல்பி முறையில், அதாவது நாடாவை மெதுவாக ஓட்டிக் கூடுதல் நேரம் பதிந்து, எடுத்த கசெற் வேறு கமெராவில் கட்டம் கட்டமாக உடையும், எடுத்த கமெராவே கிடைத்தால் அதில் ஓட்டிப் பார்க்கலாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் கமெராவுக்குள் போடவே வேண்டாம், அதன் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றையும் கெடுக்கும். மழைக்காலத்துக்கு முன்பே இந்த வேலையைச் செய்துவிடுங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள், ஐம்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் கசெற்றைத் திரும்ப முதலிலிருந்து ஓட்டவேண்டி வரும், பழைய நாடாவை எத்தனை முறை ஓட்டலாம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கசெற் ஒன்றுக்கு 1,200 ரூபாய் எடுக்கிறேன், பென் ட்ரைவ் அவர்களுடையது. கனடாக் கசெற்றுகள் சிலவற்றை வாங்கி வைத்திருக்கிறேன், அவற்றுக்கு இன்னும் காசு எடுக்கவில்லை. என்டிஎஸ்சி ஓட்டும் கமெரா ஒன்று வரும் ஆடித் திருவிழாவுக்கு வரும் உறவினர் ஒருவரின் பெட்டியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.